பாய்மரப் படகுக்கு இரு பதிவுகள்: அமெரிக்கக் கூட்டரசு ஆவணமும் மாநில எண்ணும்

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர் அதை இரண்டு வழிகளில் ஒன்றில் பதிவு செய்யலாம். கடலோரக் காவல்படையின் கீழ் இயங்கும் தேசியக் கல ஆவண மையத்திடம் கூட்டரசு ஆவணம் பெறுவது ஒரு வழி. படகு பெரும்பாலும் எந்த மாநிலத்து நீரில் மிதக்கிறதோ அந்த மாநில அலுவலகத்தில் பதிந்து எண் பெறுவது மற்றொரு வழி. மாநிலத்தில் பதிந்த படகின் முன்பகுதியில் இருபக்கமும் பெரிய எழுத்தில் எண் இருக்கும். கூட்டரசு ஆவணம் பெற்ற படகில் அந்த எண் இராது. அதன் பெயரும் துறைமுக ஊரும் மட்டும் வெளியே எழுதப்பட்டிருக்கும். படகுத்துறையில் நடந்து செல்பவர் இந்த ஒரு குறியைக் கொண்டே எது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் படிவம் நிரப்பும் வேலையாகத் தோன்றும். ஆனால் இரண்டு பதிவுகளும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல. கூட்டரசு ஆவணம் 1789-இல் சுங்கவரி வசூலிக்கப் பிறந்தது. மாநில எண் 20ஆம் நூற்றாண்டில் மோட்டார் படகுகள் பெருகியபோது அவற்றை அடையாளம் காணப் பிறந்தது. பாய்மரப் படகை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இரண்டில் எதுவுமில்லை. ஆகவேதான் அதன் உரிமையாளருக்கு இன்றும் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது.

சுங்கவரியில் பிறந்த ஆவணம்

கப்பலைப் பதிந்து அதன் நாட்டை உறுதி செய்யும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1660-இன் கடல் வணிகச் சட்டமும் அதன் பின்வந்த சட்டங்களும் ஆங்கிலேயர் கட்டி ஆங்கிலேயர் வைத்திருந்த கப்பல்களுக்குச் சலுகை தந்தன. சலுகை என்று ஒன்று இருந்தால் அதற்கு உரியது எந்தக் கப்பல் என்று காட்டச் சான்றிதழும் வேண்டும். 1786-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பதிவு விதிகளை மேலும் இறுக்கியது. மூன்றாண்டுகள் கழித்துக் கூடிய அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் அந்த முறையைப் பெருமளவு தனதாக்கிக்கொண்டது. விடுதலைப் போரில் எதிரியாக இருந்த நாட்டின் சட்டத்தை இவ்வளவு விரைவில் எடுத்துக்கொண்டது வியப்புக்குரியது அல்ல. காங்கிரசில் இருந்தவர்களுக்கும் துறைமுக வணிகர்களுக்கும் பழகிய முறை அது ஒன்றே.

புதிய அரசுக்கு அப்போது பணம் தேவைப்பட்டது. அதற்கு முன்பு மாநிலங்கள் ஒவ்வொன்றும் தத்தம் துறைமுகங்களில் தனித்தனியே வரி விதித்துவந்தன. புதிய அரசியலமைப்பு அந்த அதிகாரத்தை அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டது. காங்கிரசின் இசைவு இல்லாமல் எந்த மாநிலமும் கப்பலின் டன் அளவின் மீது வரி போடக்கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து புறப்பட்ட கப்பல் வேறொரு மாநிலத்தில் நின்று சுங்கம் செலுத்தும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் உண்டு.

1789 சூலை 20-இல் இயற்றப்பட்ட டன் வரிச் சட்டம் கப்பல்களை மூன்றாகப் பிரித்தது. அமெரிக்காவில் கட்டப்பட்டு அமெரிக்கருக்கு உரிய கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட். அமெரிக்காவில் கட்டப்பட்டு அயலவருக்கு உரியதற்கு 30 சென்ட். பிறவற்றுக்கு 50 சென்ட். கரையோர வணிகத்தில் ஈடுபட்ட அமெரிக்கக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை வரி செலுத்தினால் போதும். அயல் கப்பலோ துறைமுகத்தில் நுழையும் ஒவ்வொரு முறையும் செலுத்த வேண்டும். இந்த வேறுபாட்டைத் துறைமுகத்தில் நடைமுறைப்படுத்தக் கப்பலின் பிறப்பும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் வந்த சட்டம் அந்த எழுத்தை உருவாக்கியது. 1792 திசம்பர் 31-இலும் 1793 பிப்ரவரி 18-இலும் வந்த சட்டங்கள் அதை விரிவாக்கின. அயல்நாடு செல்லும் கப்பலுக்குப் பதிவுச் சான்றிதழ். கரையோர வணிகத்துக்கும் மீன்பிடிக்கும் பட்டியல் பதிவும் உரிமமும்.

1793-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். 20 டன்னும் அதற்கு மேலும் உள்ள கலம் பட்டியலிலும் பதிய வேண்டும், உரிமமும் பெற வேண்டும். 20-க்குக் குறைந்து 5 டன்னுக்குக் குறையாத கலத்துக்கு உரிமம் மட்டும் போதும். 5 டன்னுக்குக் கீழே உள்ள படகைப் பற்றி அந்த முறை கவலைப்படவில்லை. அத்தகைய படகில் வரி விதிக்கத்தக்க சரக்கு ஏற்ற முடியாது என்பதே அதன் பொருள். இன்று கலிபோர்னியாவில் ஒருவர் தம் 25 அடிப் படகுக்குக் கூட்டரசு ஆவணம் கிடைக்குமா என்று கணக்குப் போடும்போது பயன்படுத்துவது அதே 5-தான்.

1792-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பின்பகுதியில் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னது. கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து, குறைந்தது 3 அங்குல உயரம். தவறினால் 50 டாலர் தண்டம். கரையில் நிற்கும் சுங்க அலுவலர் தொலைவிலிருந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த விதி. இன்றைய பொழுதுபோக்குப் படகில் அழகுக்காக எழுதியதுபோலத் தெரியும் பெயரும் ஊரும் இந்த விதியின் தொடர்ச்சி. இன்று குறைந்த உயரம் 4 அங்குலம்.

நீராவிப் படகு வழக்கு

கூட்டரசின் காகிதமும் மாநிலத்தின் காகிதமும் நேருக்கு நேர் மோதினால் எது வெல்லும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு படகு வழக்கில். அமெரிக்க அரசியலமைப்பு வரலாற்றின் தலையாய தீர்ப்புகளுள் ஒன்றாக அது இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது.

நியூயார்க் மாநிலம் தன் நீர்வழிகளில் நீராவிப் படகு ஓட்டும் தனியுரிமையை இராபர்ட் லிவிங்ஸ்டன், இராபர்ட் ஃபுல்டன் இருவருக்கும் வழங்கியிருந்தது. நியூஜெர்சியின் முன்னாள் ஆளுநர் ஏரன் ஆக்டன் அந்த உரிமையின் ஒரு பகுதியைப் பணம் கொடுத்துப் பெற்றார். அவரோடு முன்பு கூட்டாக இருந்து பின் பகைத்துக்கொண்ட தாமஸ் கிப்பன்ஸ் நியூஜெர்சியின் எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க்குக்குத் தம் படகுகளை ஓட்டினார். அவரிடம் நியூயார்க் தந்த உரிமை ஏதும் இல்லை. அவரிடம் இருந்தது 1793 சட்டத்தின்படி பெற்ற கரையோர உரிமம் மட்டுமே. அவருடைய படகுத் தலைவராக இருந்த இளைஞர் கொர்னேலியஸ் வாண்டர்பில்ட். பின்னாளில் இரயில் பாதைகளால் பெருஞ்செல்வர் ஆனவர் இவரே.

நியூயார்க் நீதிமன்றத்தில் கிப்பன்ஸ் தோற்றார். கரையோர உரிமம் என்பது இந்தக் கலம் அமெரிக்கக் கலம் என்று காட்டும் அடையாளம் மட்டுமே, அது மாநில நீரில் ஓட்டும் உரிமையைத் தராது என்பது எதிர்த்தரப்பு வாதம். 1824 மார்ச் 2-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இந்த வாதத்தை மறுத்தார். அமெரிக்கத் தன்மையைப் பட்டியல் பதிவே தந்துவிடுகிறது; அதன் பிறகு உரிமம் என்று தனியே ஒன்று கொடுப்பது எதற்கு? தொழில் செய்ய அனுமதி தருவதற்கே. அந்த அனுமதியோடு மோதும் மாநிலச் சட்டம் நிற்காது என்றார். மாநிலங்களுக்கிடையிலான வணிகம் பற்றிய காங்கிரசின் அதிகாரத்தை விரித்த தீர்ப்பாக இது நினைவுகூரப்படுகிறது. ஆனால் வழக்கின் முடிச்சை அவிழ்த்தது ஒரு படகின் உரிமத்தாள்.

ஒரு தலைமுறை கழித்து அலபாமா மாநிலம் மீண்டும் முயன்றது. நீராவிப் படகு உரிமையாளர்கள் மொபைல் துறைமுகத்திலிருந்து புறப்படும் முன் தங்கள் பெயர்களை மாநில நீதிபதியின் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1854-இல் சட்டம் செய்தது. தனியுரிமை கேட்கவில்லை, உரிமையாளர் யார் என்று தெரிந்துகொள்ளவே கேட்டது. இருந்தும் 1859-இல் சின்னட் எதிர் டேவன்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. கூட்டரசு ஆவணம் பெற்ற கலத்தின் மீது மாநிலம் தன் பங்குக்கு ஒரு பதிவைக் கூடுதலாகச் சுமத்த முடியாது என்பதே அதன் சாரம். இன்று சில மாநிலங்கள் ஆவணம் பெற்ற படகுக்கும் தங்கள் ஒட்டுவில்லையைக் கேட்கின்றன. இது எப்படி என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விடை பிற்காலச் சட்டத்தில் இருக்கிறது. அது பின்னர் வரும்.

உல்லாசப் படகுக்கு ஓர் உரிமம்

இதுவரை சொன்னவை அனைத்தும் வணிகக் கலங்களைப் பற்றியவை. பொழுதுபோக்குக்காகப் பாய் விரிப்பவருக்கு இந்தச் சட்டங்களில் இடமே இல்லை. அவர் சரக்கு ஏற்றுவதில்லை, மீன் பிடிப்பதில்லை. ஆனால் அவருடைய படகு 5 டன்னுக்கு மேலிருந்தால் துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்க அலுவலகத்தில் நுழைவும் புறப்பாடும் பதியும் தொல்லை அவரையும் தொடர்ந்தது.

1844-இல் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ் தம் படகின் மேல்தளத்தில் நண்பர்களைக் கூட்டி நியூயார்க் யாட் கிளப்பைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளில், 1848 ஆகஸ்டு 7-இல், காங்கிரஸ் உல்லாசப் படகுகளுக்கென்றே உரிமம் தரும் சட்டத்தை இயற்றியது. இந்த உரிமம் பெற்ற படகு சுங்க அலுவலகத்தில் நுழைவு, புறப்பாடு பதியாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே செல்லலாம். பதிலுக்கு, வணிகத்தில் ஈடுபடமாட்டேன் என்று உரிமையாளர் பிணைமுறி எழுதித் தர வேண்டும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர்கள் விரும்பினால் அந்தப் படகின் வடிவத்தை ஆராய்ந்து படியெடுக்க அவர் அனுமதிக்க வேண்டும். செல்வர்களின் விளையாட்டுக்குச் சலுகை தருவதற்குக் காங்கிரஸ் கண்ட நியாயம் இது: விரைவாக ஓடும் படகுகள் கடற்படைக்கு மாதிரிகளாகும். மூன்றாண்டுகள் கழித்து ஸ்டீவன்சும் அவருடைய கூட்டாளிகளும் கட்டிய ‘அமெரிக்கா’ என்ற பாய்மரக் கப்பல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றிய போட்டியில் வென்றது. அமெரிக்கக் கோப்பை என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

உரிமம் பெற்ற உல்லாசப் படகுகளுக்குத் தனிக் கொடியும் வந்தது. தேசியக் கொடியில் நட்சத்திரங்கள் உள்ள நீல மூலையில், 13 நட்சத்திரங்கள் வட்டமாக ஒரு நங்கூரத்தைச் சூழ்ந்திருக்கும். சுங்கப் படகு அதைத் தொலைவில் கண்டால் நிறுத்தாமல் விடலாம். இன்று எந்தப் பதிவும் இல்லாத சிறுபடகுகளும் அதை அலங்காரமாகப் பறக்கவிடுகின்றன.

1866-இல் வந்த சட்டம் ஒவ்வொரு ஆவணக் கலத்துக்கும் ஓர் அதிகாரமுறை எண்ணைக் கொடுக்க வழிசெய்தது. பெயர் மாறலாம், ஊர் மாறலாம், உரிமையாளர் மாறலாம். அந்த எண் மாறாது. மரக் கப்பல்களில் அதை முதன்மை உத்திரத்தில் செதுக்கினார்கள். இன்றும் படகின் உட்புறத்தில் எளிதில் பெயர்த்தெடுக்க முடியாத ஒரு கட்டமைப்புப் பகுதியில் அதைப் பொறிக்க வேண்டும். பெயர்த்தால் தடம் தெரிய வேண்டும். பழைய பாய்மரப் படகு வாங்குபவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது இந்த எண்ணையே.

கடன் கொடுத்தவரின் கவலை

கூட்டரசு ஆவணம் இன்றும் உயிரோடு இருப்பதற்குச் சுங்கவரி காரணமில்லை. அடமானமே காரணம். நீரில் மிதக்கும் சொத்து ஓரிடத்தில் நிற்பதில்லை. பாஸ்டனில் கடன் வாங்கிய படகை ஃபுளோரிடாவில் விற்றுவிட முடியும். அப்படி விற்றால் கடன் கொடுத்தவர் எந்த ஊர்ப் பதிவேட்டை நம்புவது?

1850 சூலை 29-ஆம் நாள் சட்டம் கப்பலின் விற்பனைப் பத்திரங்களையும் அடமானங்களையும் சுங்க அலுவலகத்தில் பதியச் சொன்னது. அங்கே பதிந்த அடமானத்தை மாநிலச் சட்டப்படி மீண்டும் பதிய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1868-இல் ஒயிட்ஸ் பேங்க் எதிர் ஸ்மித் வழக்கில் தீர்த்தது. இருந்தும் கப்பல் அடமானம் வலுவற்றதாகவே இருந்தது. கடல்சார் நீதிமன்றங்கள் அடமான வழக்கை ஏற்க மறுத்தன. மாலுமியின் கூலி, பழுதுபார்த்தவரின் பாக்கி, கப்பலுக்குப் பொருள் தந்தவரின் பாக்கி ஆகியவை கப்பலின் மீதே ஒட்டிக்கொள்ளும் பற்றுரிமைகள். கப்பல் ஏலம் போனால் இவை அடைபட்ட பிறகே அடமானம் வைத்திருந்தவருக்கு மிச்சம் கிடைக்கும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு அரசின் கையில் ஏராளமான கப்பல்கள் தேங்கின. அவற்றைத் தனியாருக்கு விற்க வேண்டுமானால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், வங்கிகள் அஞ்சின. 1920 சூன் 5-இல் வந்த வணிகக் கடற்படைச் சட்டத்தின் ஒரு பகுதியாக அமைந்த கப்பல் அடமானச் சட்டம் முன்னுரிமை அடமானம் என்ற புதிய வகையை உருவாக்கியது. முறைப்படி பதிந்தால் அது பின்னர் வரும் பெரும்பாலான பற்றுரிமைகளுக்கு முன்னால் நிற்கும். கடல்சார் நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். முதலில் இது 200 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கே உரியதாக இருந்தது. பிற்காலத் திருத்தங்கள் அதைச் சிறிய கலங்களுக்கும் திறந்தன. அரசின் கப்பல்களை விற்க வந்த சட்டம் இப்படித்தான் 35 அடிப் பாய்மரப் படகுக்குக் கடன் தரும் வங்கியின் பாதுகாப்பாயிற்று. பெருந்தொகைக் கடன் தரும் நிறுவனங்கள் பல, படகுக்குக் கூட்டரசு ஆவணம் பெறுவதை நிபந்தனையாக வைப்பதன் காரணம் இதுவே. கடனுக்குப் படகு வாங்குபவருக்குத் தெரிவு என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. வங்கி அவருக்காகத் தெரிவு செய்துவிடுகிறது.

மோட்டார் வந்தது, எண் வந்தது

மாநில எண்ணின் கதை சுருக்கமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் எந்திரம் படகுக்குள் ஏறியது. 5 டன்னுக்குக் கீழ்ப்பட்ட, எந்த ஆவணமும் இல்லாத விரைவுப் படகுகள் பெருகின. 1918 சூன் 7-ஆம் நாள் சட்டம் ஆவணம் இல்லாத மோட்டார் கலங்களுக்கு எண் இடச் சொன்னது. அந்த எண்ணையும் கூட்டரசின் சுங்க அலுவலரே கொடுத்தார். மாநிலங்கள் இன்னும் இந்தக் கதைக்குள் வரவில்லை. கழற்றி மாட்டும் மோட்டார் பொருத்திய 16 அடிக்கு உட்பட்ட படகுகள் அதிலிருந்து விலக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. கண்ணாடியிழைப் படகுகளும் வெளிமோட்டார்களும் நடுத்தர வீடுகளின் கைக்கு எட்டின. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விபத்துகள் பெருகின. வட கரோலினாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எர்பர்ட் பானர் முன்னின்று கொண்டுவந்த கூட்டரசுப் படகுச் சட்டம் 1958 செப்டம்பர் 2-இல் நிறைவேறியது. 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் உள்ள படகுகளுக்கு எண் கொடுக்கும் வேலையை அது மாநிலங்களிடம் ஒப்படைத்தது, கட்டணமும் மாநிலத்துக்கே. மாநிலத்தின் ஈரெழுத்துக் குறி முதலில், பிறகு எண், கடைசியில் எழுத்து என்ற இன்றைய அமைப்பு இந்த முறையோடு பரவியது. ஃபுளோரிடா படகு ஒன்றில் எஃப்எல் 1234 ஏபி என்பதுபோல் காணலாம். 1971-இன் படகுப் பாதுகாப்புச் சட்டம் குதிரைத்திறன் வரம்பை நீக்கி, இயங்கு எந்திரம் உள்ள ஆவணமற்ற படகு எதற்கும் எண் வேண்டும் என்றது.

இந்த வரலாற்றின் விளைவு பாய்மரப் படகுக்கு விசித்திரமானது. எந்திரமே இல்லாத பாய்மரப் படகுக்குக் கூட்டரசுச் சட்டம் எண் கேட்பதில்லை. அதன் பின்னால் 2 குதிரைத்திறன் மோட்டாரைத் தொங்கவிட்டால் உடனே கேட்கிறது. மாநிலங்கள் சில, எந்திரம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்ட பாய்மரப் படகைப் பதியச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. எல்லை தாண்டினால் விதி மாறும்.

5 டன் என்பது எடை அல்ல

கூட்டரசு ஆவணம் நாடுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் டன். கப்பல் பதிவில் டன் என்பது எடையைக் குறிப்பதில்லை, கொள்ளளவைக் குறிக்கிறது. 1789 சட்டம் நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி, 95-ஆல் வகுக்கச் சொன்னது. 1864-இல் அமெரிக்கா இங்கிலாந்தின் மூர்சம் முறைக்கு மாறியது. அதில் 100 கன அடி ஒரு டன்.

இன்று சிறுபடகுகளுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பாய்மரப் படகானால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கி, பாதியாக்கி, 100-ஆல் வகுத்தால் மொத்த டன் கிடைக்கும். உள்ளே எந்திரம் இருந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு நிகர டன். 30 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ள படகுக்கு மொத்தம் 7.5, நிகரம் 6.75, ஆவணத்துக்குத் தகுதி உண்டு. 26 அடி நீளம், எட்டரை அடி அகலம், நாலரை அடி ஆழம் என்றால் நிகரம் ஏறத்தாழ 4.5, தகுதி இல்லை. ஒரே எடையுள்ள இரு படகுகளில் ஒன்று தேறும், மற்றது தேறாது. அடிக்கட்டையில் ஈயத்தை எவ்வளவு சேர்த்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

இன்றைய தெரிவு

கூட்டரசு ஆவண முறையின் நிர்வாகம் 1967-இல் சுங்கத்துறையிடமிருந்து கடலோரக் காவல்படைக்கு மாறியது. 1980-இன் கல ஆவணச் சட்டம் பழைய பதிவு, பட்டியல், உரிமம் என்ற மூன்று தனித் தாள்களை ஒழித்து ஒரே சான்றிதழாக்கியது. கலம் செய்யும் வேலைக்கு ஏற்ப அதில் குறிப்பு எழுதப்படும். பொழுதுபோக்கு என்பது அக்குறிப்புகளுள் ஒன்று. துறைமுக அலுவலகங்களில் சிதறிக் கிடந்த வேலை 1995-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற ஊரில் ஒரே மையமாக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவுக்குக் கடற்கரை கிடையாது. அமெரிக்கக் கொடி பறக்கும் பாய்மரப் படகுகளின் ஆவணங்கள் உப்புக்காற்றே படாத மலைநாட்டில் இருக்கின்றன.

ஆவணம் பெற உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இது 1789-இன் நேரடி எச்சம். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவருக்கும் கிடையாது. எனவே வேலை நிமித்தம் அங்கே குடியேறி, இன்னும் குடியுரிமை பெறாத இந்தியரோ இலங்கையரோ பாய்மரப் படகு வாங்கினால் அவருக்கு முன்னால் இருப்பது மாநிலப் பதிவு மட்டுமே.

படகு எங்கே போகும் என்பதைப் பொறுத்தே பலருடைய முடிவு அமைகிறது. கூட்டரசுச் சான்றிதழ் பன்னாட்டு நோக்கில் அந்தக் கலத்தின் நாட்டுக்கு முடிவான சான்று. மாநில எண் அப்படிப்பட்டதன்று. அதைத் தரும் மாநிலம் உலகச் சட்டத்தில் ஒரு நாடு அல்ல. அருகிலுள்ள நாடுகள் சிலவற்றின் அலுவலர்கள் மாநிலப் பதிவுத் தாளைப் பார்த்து அனுமதித்துவிடுவது வழக்கம். அது அவர்களின் தாராளம். பெருங்கடல் கடக்கப் போகிறவர் அந்தத் தாராளத்தை நம்பிப் புறப்படுவதில்லை. ஓர் ஏரியையோ விரிகுடாவையோ விட்டு வெளியே செல்லாத படகுக்கு இந்தக் கவலை இல்லை. வேறு மாநிலத்துக்குச் சென்றால்கூட 60 நாள் வரை சொந்த மாநில எண்ணே செல்லும்.

உரிமைச் சான்று பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. கூட்டரசு ஆவணம் இருந்தால் படகு யாருடையது என்பது ஐயமற முடிந்துவிட்டது எனப் பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையே வழக்காகும்போது அந்தச் சான்றிதழ் முடிவான சான்று ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆவணத்தின் உண்மையான பயன் அதன் பின்னால் உள்ள பதிவேடு. பதியப்பட்ட விற்பனைகளும் அடமானங்களும் தொடக்கத்திலிருந்து வரிசையாக ஒரே இடத்தில் கிடைக்கும். கட்டணம் செலுத்தி யாரும் நகல் பெறலாம். பதியாத பற்றுரிமை அதிலும் தெரியாது. படகுப் பட்டறைக்குப் பணம் தராமல் விற்றுவிட்டுப் போனவரின் கடன், வாங்கியவரின் படகின் மீது வந்து நிற்கக்கூடும்.

மாநில வரியைத் தவிர்க்கலாம் என்று கருதி ஆவணம் பெறுவோரும் உண்டு. படகுத்துறைகளில் எங்கு பார்த்தாலும் பின்பகுதியில் வில்மிங்டன், டெலவேர் என்று எழுதிய படகுகளைக் காணலாம். டெலவேரில் விற்பனை வரி இல்லை. அந்தப் படகுகளில் பல அந்த ஊர்த் துறைமுகத்தைக் கண்டதே இல்லை. ஆவணத்தில் எழுதும் ஊர் படகு நிற்கும் ஊராக இருக்க வேண்டும் என்ற விதி இல்லாததால் இது நடக்கிறது. ஆனால் படகு எங்கே பயன்படுகிறதோ அந்த மாநிலம் பயன்பாட்டு வரி கேட்கும். கூட்டரசு ஆவணம் அதிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

இங்கேதான் அலபாமா வழக்கின் மிச்சம் வருகிறது. இன்றைய கூட்டரசுச் சட்டப்படி, ஆவணம் பெற்ற படகுக்கு மாநிலம் தன் உரிமைப் பத்திரம் தரக்கூடாது. முன்பு தந்திருந்தால் உரிமையாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாநில எண்ணை அந்தப் படகின் முன்பகுதியில் எழுதும்படி கேட்கவும் கூடாது. ஆனால் வரியும் கட்டணமும் செலுத்தியதைக் காட்டும் ஒட்டுவில்லையை ஒட்டச் சொல்லலாம். ஃபுளோரிடா அவ்வாறு கேட்கிறது. அங்கே ஆவணப் படகின் உரிமையாளர் இரண்டு இடத்துக்கும் பணம் கட்டுகிறார். கலிபோர்னியா தன் மாநிலப் பதிவைக் கேட்பதில்லை. பதிலாக அங்குள்ள மாவட்ட நிர்வாகம் படகைச் சொத்தாக மதிப்பிட்டு வரி அனுப்புகிறது.

பொழுதுபோக்குப் படகின் முதல் ஆவணத்துக்குக் கட்டணம் 133 டாலர், புதுப்பிக்க ஆண்டுக்கு 26 டாலர். நெடுங்காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்ததை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தி, ஐந்தாண்டு வரை ஒருசேரப் புதுப்பிக்க வழிவிட்டது. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதால் அதிலிருந்து முகவரி எடுத்து, அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் அறிவிப்பு அனுப்பி, அதே புதுப்பித்தலுக்குப் பல மடங்கு பணம் வாங்கும் தனியார் நிறுவனங்களும் தோன்றின. அவை அரசோடு தொடர்பில்லாதவை என்று கடலோரக் காவல்படை படகு உரிமையாளர்களை எச்சரித்திருக்கிறது.